கமராவோடு கொழும்பில்: எங்கே, எப்போது, யாரை?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "புதிதாகக் கமரா வாங்கியிருக்கிறேன். வேலை நாட்களில் நேரமில்லை, சனி ஞாயிறு மட்டும்தான். நல்ல படம் வேண்டுமென்றால் எல்லவுக்குப் போ, நுவரெலியாவுக்குப் போ என்கிறார்கள். கொழும்புக்குள்ளேயே நிலக்காட்சியும் அன்றாட வாழ்க்கையும் எடுக்க முடியாதா? முன்பின் தெரியாதவர்களை எப்படி எடுப்பது? ட்ரோன் ஒன்று வாங்கினால் பிரயோசனப்படுமா?"

தாராளமாக முடியும். நானும் உங்களைப் போல ஓய்வு நாட்களில் படமெடுப்பவன்தான். கமரா எனக்குச் சோறு போடுவதில்லை. ஆனால் இந்த நகரத்தில் எந்தத் தெருவுக்குள் எப்போது வெயில் நுழையும், எப்போது வெளியேறும் என்பது ஓரளவு தெரியும். என்னிடம் இருக்கும் உருப்படியான படங்கள் எல்லாம் அதனால் வந்தவை. கொழும்பில் நிலக்காட்சியையும் அன்றாட வாழ்க்கையையும் பிரித்து எடுப்பது கஷ்டம். கடலை எடுக்கப் போனால் குறுக்கே வடை வண்டி வரும். வாவியை எடுக்கப் போனால் கரையில் யாரோ சோற்றுப் பொதியைப் பிரித்துக்கொண்டிருப்பார். அதை இடைஞ்சலாக நினைக்கிறவருக்கு இந்த ஊர் சரிவராது. வெளிச்சம் நன்றாக விழும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே நின்றால், ஆட்கள் தாமாக வந்து சேர்வார்கள். நான் சொல்லப்போகும் எல்லாம் இதன் விரிவுதான்.

முதலில் வெயிலைப் பற்றி. யூடியூபில் ஐரோப்பியப் படப்பிடிப்பாளர்கள் பொன்வெயில் நேரம் என்று ஒரு மணித்தியாலக் கணக்கில் பேசுவார்கள். அதை நம்பி ஆறுதலாகப் புறப்பட்டால் நமக்கு ஒன்றும் மிஞ்சாது. கொழும்பு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 7 பாகைதான் வடக்கே. இங்கே சூரியன் சரிந்து சரிந்து இறங்குவதில்லை, கிட்டத்தட்ட நேர்குத்தாக விழுகிறது. மஞ்சள் வெயில் என்று சொல்லத்தக்கது அரை மணித்தியாலத்துக்கும் குறைவு. சூரியன் மறைந்த பிறகு வரும் மம்மல் வெளிச்சம் இன்னொரு 20 நிமிடம், அவ்வளவுதான். ஒரு நன்மையும் உண்டு. ஆண்டு முழுவதும் சூரியன் மறையும் நேரம் சுமார் 5.45க்கும் 6.35க்கும் இடையில்தான் ஊசலாடுகிறது. ஆகவே மாலை ஐந்து மணிக்கு நிற்க வேண்டிய இடத்தில் நின்றுவிட்டால் எந்த மாதமும் தப்பாது. முக்காலியை விரிப்பது, லென்ஸ் மாற்றுவது எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் நமது தலைக்கு நேர் மேலே வருகிறது. மின்கம்பத்துக்கே நிழல் இருக்காது. அந்த வெயிலில் வெளியே நிற்கும் ஒருவரை எடுத்தால் கண்கள் இரண்டும் கறுத்த குழிகளாகத் தெரியும். அப்போது கடைத் தாழ்வாரங்களுக்குள் ஒதுங்குங்கள். தெருவில் விழுந்த வெயில் தரையில் பட்டுத் தெறித்துக் கீழிருந்து முகத்துக்கு வரும். ஸ்டூடியோவில் காசு கொடுத்தாலும் அவ்வளவு மென்மையான வெளிச்சம் அமையாது. மத்தியானம் படமெடுக்கவே கூடாது என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். ஆனால் அதை அப்படியே கேட்டால் கடைத்தெருக்கள் நிறைந்த புறக்கோட்டையின் பாதியை இழந்துவிடுவோம்.

இனி உங்கள் வெள்ளவத்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். காலி வீதி ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுகிறது. கடலோரத்தில் மரைன் டிரைவும் ரயில் பாதையும் அதற்கு இணையாகப் போகின்றன. நடுவில் இருக்கும் ஒழுங்கைகள் எல்லாம் கிழக்கு மேற்கு. அதனால் மாலையில் வெயில் கடல் முனையால் ஒழுங்கைக்குள் நேரே புகுந்து காலி வீதி வரை வருகிறது. ராமகிருஷ்ண வீதியிலோ அதற்கு அக்கம்பக்கத்து ஒழுங்கை ஒன்றிலோ காலி வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில்லுங்கள். எதிரே வருகிற ஒவ்வொருவரைச் சுற்றியும் ஒரு வெளிச்சக் கோடு இருக்கும். மரக்கறிப் பையோடு வரும் அம்மா, சைக்கிளை உருட்டிக்கொண்டு வருபவர், கோயிலுக்குப் போகும் வேட்டிக்காரர். வேட்டி வெயிலைத் தன்னுள்ளே ஊடுருவ விடும் துணி. பின்வெளிச்சத்தில் அதைவிட நன்றாக ஒளிரும் ஒன்றை நான் இந்த ஊரில் கண்டதில்லை. இந்த நேரத்தில் கமராவைத் தானாக முடிவெடுக்க விடாதீர்கள். முகம் தெரிய வேண்டுமென்று அது வெளிச்சத்தைக் கூட்டும். பின்னால் கடல் வெள்ளைக் கடதாசியாகிவிடும். ஒரு ஸ்டொப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி எடுங்கள். முகம் இருண்டால் இருளட்டும், நடையிலேயே ஆளைத் தெரியும். நடப்பவர்களுக்கு ஷட்டர் வேகம் 1/250 செக்கன் போதும்.

காலையில் இதே இடம் தலைகீழ். வெயில் தரைப் பக்கமிருந்து வருகிறது, கடல் நீலமாகத் தெரிகிறது. ரயிலையும் கடலையும் சேர்த்து எடுக்க அதுதான் நேரம், ஆனால் மரைன் டிரைவின் அடுக்குமாடிகளின் நிழல் பாதையை விட்டு விலகும்வரை பொறுக்க வேண்டும். படத்தை ரயில் நிலைய மேடையிலிருந்து எடுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி மூன்று நிலையங்களிலும் மேடைக்கு அப்பால் கடல்தான், இதைவிட என்ன வேண்டும்? தண்டவாளத்தில் இறங்கி நிற்க வேண்டாம். அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு புறம். அலைச் சத்தத்தில் ரயில் வரும் சத்தம் கேட்காது என்பதுதான் பெரிய விஷயம். இந்தக் கரையோரத்தில் செல்பி எடுக்கப் போய் உயிரை விட்டவர்களின் செய்தி நீங்களும் வாசித்திருப்பீர்கள்.

காலிமுகத்திடலைப் பற்றிப் பலர் இளக்காரமாகப் பேசுவார்கள்: எல்லோரும் எடுத்துத் தீர்த்த இடம் என்று. எனக்கு அந்தக் கருத்து இல்லை. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1859இல் அந்த நடைபாதையை முடித்தபோது, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைப் பேணுமாறு தனக்குப் பின் வருபவர்களிடம் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்தார். ஞாயிறு மாலையில் போய்ப் பாருங்கள்; அந்தக் கல்வெட்டு இன்னும் நடைமுறையில் இருப்பது தெரியும். சீலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் நனைக்கும் அம்மம்மாவும், பட்டம் ஏற்றும் அப்பாவும், அழுகிற பிள்ளையும் ஒரே சட்டகத்துக்குள் வருவார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது சூரியன் விழும் திசை. ஜூனில் அது நேர் மேற்கிலிருந்து வடக்கே ஒதுங்கி மறைகிறது, டிசம்பரில் தெற்கே ஒதுங்கி. இரண்டு எல்லைகளுக்கும் இடையில் கிட்டத்தட்ட 47 பாகை. முன்பெல்லாம் இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது, எந்தப் பக்கம் விழுந்தாலும் கடல்தானே. இப்போது வடமேற்கில் 269 ஹெக்டேயர் கடலை நிரப்பித் துறைமுக நகரம் வந்துவிட்டது. ஆகவே ஆண்டின் நடுப்பகுதியில் சூரியன் அந்தப் பக்கம் சாய்கிறது. டிசம்பர், ஜனவரியில் திறந்த கடலுக்குள் இறங்குகிறது. பாரந்தூக்கிகளோடும் கட்டிடங்களோடும் சூரியனை எடுக்க விரும்பினால் ஜூன், வெறும் கடலோடு வேண்டுமென்றால் டிசம்பர். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அடிவானத்தில் ஒரு முகில் திரை நின்று சூரியனையே விழுங்கிவிடும் நாட்களும் உண்டு. அப்படியான நாளில் கடலுக்கு முதுகைக் காட்டுங்கள். சில வேளைகளில் மழை விட்டதும் முகிலுக்குக் கீழே ஒரு கீற்று வெயில் வந்து காலி வீதிப் பக்கத்துக் கட்டிடங்களில் அடிக்கும், பின்னால் வானம் கறுப்பாக இருக்கும். கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நூறு பேரும் அதைத் தவறவிடுவார்கள்.

சூரியன் போனதும் கமராவை மூடிவிடாதீர்கள். இறால் வடை வண்டிகளில் விளக்குகள் எரியத் தொடங்கும். வானம் இன்னும் நீலமாக இருக்கும். வண்டிக்குள் மஞ்சள் வெளிச்சம், எண்ணெய்ப் புகை, வடைக்கு மேலே குந்தியிருக்கும் முழு இறால். வானமும் விளக்கும் ஒரே பிரகாசத்தில் நிற்கும் நேரம் பத்து நிமிடம்கூட வராது. வைட் பேலன்ஸை, அதாவது கமராவின் நிறச் சமநிலையை, பகல் வெளிச்சத்தில் வைத்துவிடுங்கள். தானியங்கியில் விட்டால் அந்த மஞ்சளைச் சுத்தம் செய்து, வண்டியை மருந்துக்கடை ஆக்கிவிடும்.

குடைக்குள் இருக்கும் சோடிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். திடலில் பகலெல்லாம் கடலைப் பார்த்தபடி குடைகள் இருக்கும், குடைக்குக் கீழே இரண்டிரண்டு பேர். தூரத்திலிருந்து குடைகளை மட்டும் எடுங்கள், அழகான படம். நெருங்கிப் போய் முகங்களை எடுக்காதீர்கள். அந்தக் குடை ஏன் விரிந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு வீட்டில் சண்டை மூட்டுகிற படம் எனக்கு வேண்டாம்.

புறக்கோட்டைக்குச் சனிக்கிழமை போங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டு. பூட்டிய தெருவுக்கும் ஒரு பயன் உண்டு, அது பிறகு. திசையைப் பாருங்கள்: பிரதான வீதியும் கெய்சர் வீதியும் ஏறக்குறைய கிழக்கு மேற்கு, குறுக்குத் தெருக்கள் வடக்குத் தெற்கு. காலையில் பிரதான வீதியில் வெயில் நீளமாகப் படுத்திருக்க, குறுக்குத் தெருக்கள் நிழலில் இருக்கும். சந்தியில் நிழல் பக்கம் நின்றுகொண்டால், இருட்டிலிருந்து வெயிலுக்குள் அடியெடுத்து வைக்கும் மனிதரை எடுக்கலாம். மூட்டை சுமக்கும் நாட்டாமைமார் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். துணிக் கட்டுகள், வெங்காய மூட்டைகள், ஆள் உயரத்துக்கு அட்டைப் பெட்டிகள். நின்று எடுக்க இடமில்லை. அவர்களுக்கு வழி விடுவதுதான் முதல் வேலை. வண்டி அசைவைக் காட்ட வேண்டுமென்றால் ஷட்டரை 1/15க்கு இறக்கி, வண்டியோடு சேர்ந்து கமராவையும் திருப்புங்கள். பத்தில் ஒன்பது பாழாகும், அது எல்லோருக்கும் அப்படித்தான்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் இருக்கும் சிவப்புப் பள்ளிவாசலை, அதாவது 1909இல் கட்டி முடிந்த ஜாமியுல் அல்பார் மசூதியை, எல்லோரும் தெருவில் நின்று அண்ணாந்து எடுக்கிறார்கள். சிவப்பும் வெள்ளையுமான அந்தக் கோடுகளுக்குக் கடும் வெயிலைவிட மேகமூட்டம் நல்லது. ஞாயிற்றுக்கிழமையின் பயன் இங்கேதான்: தெரு வெறுமையாக இருப்பதால் கட்டிடத்தை அடியிலிருந்து நுனிவரை பார்க்கலாம். கடைகளின் மேல் மாடிகளையும் பாருங்கள். பெயர்ப்பலகைகளுக்கு மேலே பழைய பலகணிகளும் சுதை வேலைகளும் இன்னும் இருக்கின்றன. எவ்வளவு காலத்துக்கு என்று சொல்ல முடியாது. கொம்பனித்தெருவில் அப்படி இருந்த பழைய கடைவீடுகள் பலவற்றை இப்போது படத்தில்தான் பார்க்கலாம். புறக்கோட்டையின் மெனிங் சந்தை 2020இல் பேலியகொடைக்குப் போய்விட்டது. அதன் பழைய இடத்தில் அதிகாலையில் யாராவது வாழைக்குலைகளை எடுத்து வைத்திருந்தால் அந்தப் படங்களுக்கு இன்று தனி மதிப்பு.

அங்கிருந்து நடந்தால் செட்டியார் தெரு, கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை. நகைக்கடைக் கண்ணாடிகளில் தெரு தெரியும் விதத்தில் எடுக்கலாம், ஆனால் நகைக்கடைக்கு முன்னால் கமராவோடு நெடுநேரம் நின்றால் காவலாளி வந்து விசாரிப்பார், அவர் வேலை அது. ஆடி வேல் திருவிழாவின் போது செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து வேல் பம்பலப்பிட்டிக்குத் தேரில் போகிறது. தேரை எடுக்க எல்லோரும் முண்டியடிப்பார்கள். எனக்குப் பிடித்தது தேர் வருவதற்கு முந்திய நேரம், வாசலில் நிறைகுடம் வைத்துவிட்டு வீதியை எட்டிப் பார்க்கும் முகங்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் கூடுவார்கள். வேலை நாள் என்பதால் உங்களுக்குக் கஷ்டம்தான், ஒரு லீவு எடுக்கலாம். பக்கத்திலேயே சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எடுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் கேட்காமல் உள்ளே கமராவைத் தூக்காதீர்கள். 2019இல் அந்தோனியார் கோயிலில் நடந்த குண்டுத் தாக்குதலை அந்தத் தெருவில் யாரும் மறக்கவில்லை. முதுகில் பெரிய பையோடு வரும் புதியவரைப் பார்த்து ஒருவர் முகம் மாறினால் அதைக் குறையாக எடுக்க முடியாது.

முன்பின் தெரியாதவரை எப்படி எடுப்பது என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கம்: கூப்பிடத் தெரிய வேண்டும். புறக்கோட்டை முஸ்லிம் வியாபாரி "நானா", நம்மவர் என்றால் "அண்ணை" அல்லது "ஐயா", சிங்களவர் என்றால் "ஐயே, ஃபொட்டோ எகக் கன்னத?" மூன்று மொழியிலும் ஒரு வசனம் பாடமாக இருந்தால் தொண்ணூறு வீதம் வேலை முடிந்தது. கேட்டால் விறைத்துப்போய்ச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு நிற்பார்களே என்று நினைப்பீர்கள். நிற்பார்கள்தான். அந்தப் படத்தையும் எடுங்கள், மரியாதைக்கு. அப்புறம் போகாமல் அங்கேயே நின்று கதையுங்கள், ஒரு பிளேன்ரீ குடியுங்கள். கொஞ்ச நேரத்தில் அவர் தராசுக்கும் கணக்குக் கொப்பிக்கும் திரும்பிவிடுவார். உங்களுக்கு வேண்டிய படம் அப்போது வரும். அடுத்த கிழமை ஒரு பிரதி அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். தொலைபேசியில் அனுப்பினால் பார்த்துவிட்டு மறந்துவிடுவார். கடதாசியில் கொடுத்தால் கடைச் சுவரில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவார். அந்தக் கடையில் அதன் பிறகு உங்களை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். பிள்ளைகளைத் தாய் தகப்பனைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. வீதியில் கிடந்து தூங்குபவரையும் கையேந்துபவரையும் எடுத்து வாழ்க்கை என்று பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பன்சலைக்கு, அதாவது பௌத்த விகாரைக்குப் போனால் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படமெடுக்க வேண்டாம், அது அங்கே பெரிய அவமதிப்பு.

உங்கள் வயதுக்கு இது தெரிந்திருக்காது. யுத்த காலத்தில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெடியன் கழுத்தில் கமரா தொங்கினால் சோதனைச்சாவடியில் அடையாள அட்டை மட்டும் போதாது. எதற்கு, எங்கே, யாருக்கு என்று பதில் சொல்ல வேண்டும். அதனாலேயே அந்தக் காலத்து வெள்ளவத்தையின், கொட்டாஞ்சேனையின் அன்றாடப் படங்கள் நம்மிடம் குறைவு. கலியாண வீட்டு ஆல்பங்கள் உண்டு, தெரு இல்லை. இன்று நிலைமை வேறு. என்றாலும் கோட்டைப் பகுதியில் துறைமுக வாசல், ஜனாதிபதி மாளிகைச் சுற்றாடல், படை முகாம்கள் ஆகியவற்றின் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். யாராவது அழிக்கச் சொன்னால் வாதாடாமல் அழித்துவிட்டு வாருங்கள்.

பேரை வாவிக்கு அதிகாலை போகலாம். கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சீமா மாலகம் என்ற பௌத்த விகாரையைச் சுற்றி கூழைக்கடாக்கள் இருக்கும். மனிதர்களுக்குப் பழகிப்போன பறவைகள், பெரிய லென்ஸ் தேவையில்லை. பறவைகளில் இன்னும் ஆர்வமிருந்தால் தலங்கம, பெத்தகான ஈரநிலங்கள் பக்கம். 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்ற முதல் நகரங்களில் கொழும்பும் ஒன்று. அதை நம்ப முடியாதவர்கள் தலங்கம ஏரிக்கரைக்கு விடியற்காலையில் ஒருமுறை போய் வரட்டும்.

யாருடைய படங்களைப் பார்த்துப் பழகலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்: லயனல் வென்ட். 1900இல் கொழும்பில் பிறந்து 1944இல் மறைந்தவர். சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர். கமரா பிறகுதான் கைக்கு வந்தது. கறுத்த தோலில் பக்கவாட்டு வெயில் விழும்போது எப்படி இருக்கும் என்பதை இந்த மண்ணில் அவரைவிட நன்றாகப் பார்த்தவர் இல்லை என்பது என் எண்ணம். நம் முகங்களைத் தொலைபேசிகள் வெளுக்கவைத்துத் தரும் இந்தக் காலத்தில் அவருடைய நிழல்களைப் பார்ப்பது கண்ணுக்கு நல்லது. கில்ஃபோர்ட் கிரசென்டில் அவர் பெயரில் இருக்கும் கலை மையத்தில் புகைப்படக் கண்காட்சிகளும் நடப்பதுண்டு.

எடுத்த படத்துக்குத் திகதி, தெருப் பெயர், முடிந்தால் கடையின் பெயரை அன்றிரவே எழுதி வையுங்கள். 2022இல் காலிமுகத்திடலில் போராட்டக்காரர்களின் கூடாரங்கள் நின்ற நாட்களில் எடுத்த படங்களுக்கே இப்போது எது எந்த மாதம் என்று கேட்டால் பலர் முழிக்கிறார்கள்.

கமராவைப் பேணும் விஷயம். கொழும்பின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 70 வீதத்தைத் தாண்டும். அலுமாரியில் வைத்துப் பூட்டினால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும், உள்ளே போன பூஞ்சணத்தை முழுதாக எடுப்பது லேசல்ல. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், மலிவான ஈரமானி ஒன்று. முள் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் போதும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் பையைத் திறக்காதீர்கள், கண்ணாடி வியர்த்துவிடும். கால் மணித்தியாலம் மூடியபடி இருக்கட்டும். கடற்கரையிலிருந்து வந்தால் லென்ஸை உடனே துடைக்க வேண்டாம். உப்பு மணி கண்ணாடியைக் கீறும். முதலில் காற்றால் ஊதி, பிறகு சற்று ஈரமான துணி.

ட்ரோன்? வாங்க வேண்டாம் என்பேன். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் தேவை. நீங்கள் இருக்கும் வெள்ளவத்தைக்குத் தெற்கே கொஞ்சத் தூரத்தில் இரத்மலானை விமான நிலையம். வடக்கே போனால் கோட்டை, துறைமுகம், பாதுகாப்பு வலயங்கள். நடுவில் மிஞ்சும் வானத்துக்கு அவ்வளவு காசு கொட்டத் தேவையில்லை. உயரத்திலிருந்து நகரம் வேண்டுமென்றால் 2022 செப்டம்பரிலிருந்து தாமரைக் கோபுரம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. இரவு நன்றாக மழை பெய்து விட்ட மறுநாள் காலையாகப் பார்த்துப் போங்கள். புழுதி அடங்கி, வாவியும் துறைமுகமும் துலக்கமாகத் தெரியும். மற்ற நாட்களில் சீட்டுக் காசைக் கொடுத்துச் சாம்பல் நிறத்தைத்தான் எடுத்துக்கொண்டு வருவீர்கள்.